எங்களையும் கோழிக் கணக்கில் எழுதுங்கள்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆய்வு மையம் தவறாமல் ஓர் அறிக்கை விடுகிறது. செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் நான் விடாமல் படிக்கும் இலக்கியம் அது ஒன்றுதான். அடுத்த சில நாளில் பகல் வெயில் எத்தனை டிகிரி, இரவு எத்தனை, காற்று எந்தப் பக்கம், ஈரப்பதம் எவ்வளவு என்று சொல்லிவிட்டு, கையோடு கோழிக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லும். வெப்ப அயர்ச்சி வரக்கூடும், உச்சி வெயிலில் தீவனம் வைக்காதீர்கள், குடிக்கிற தண்ணீர் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வைட்டமின் சி கலந்து கொடுங்கள். செத்த கோழியைக்கூடச் சும்மா விடுவதில்லை. அறுத்துப் பார்த்து, இன்ன காரணத்தால் செத்தது என்று எழுதி, மிச்சமுள்ள கோழிகள் பிழைக்க வழி சொல்வார்கள்.

பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறது. உள்ளே ஃபாகர் பனியாகப் புகைகிறது. கரண்டு போனால் ஜெனரேட்டர் உறுமுகிறது. ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து ஐஸ் வைத்த பெட்டியில் வரும். ஐஸ் உருகிப் பெட்டி வெதுவெதுவென்று வந்தால் பண்ணைக்காரர் கையெழுத்துப் போட மாட்டார். டீலரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார். மருந்து சூடானால் செத்தது என்பது அவருக்குத் தெரியும். முட்டை விலையை முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் அறிவிக்கிறது. ஐந்து காசு இறங்கினால் டீக்கடையில் பேச்சு வேறு இருக்காது.

அந்த முட்டையை ஏற்றிக்கொண்டு போகும் லாரி டிரைவரின் சட்டைப் பையில் ஒரு பேனா இருக்கிறது. எழுதுகிற பேனா இல்லை, இன்சுலின் பேனா. ஏப்ரல் மாதம், கரூர் பைபாஸ், மதியம் இரண்டு மணி, என்ஜின் சூடு வேறு. பின்னால் தட்டுகளில் இருக்கும் முட்டைக்குத் தார்ப்பாயும் காற்றோட்டமும் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். முன்னால் இருக்கும் மருந்து வெந்துகொண்டிருக்கிறது. அது வெந்துவிட்டதா இல்லையா என்று அவருக்குச் சொல்ல எந்தக் கல்லூரியும் அறிக்கை விடவில்லை.

எனக்குக் கோழிமேல் விரோதம் கிடையாது. நாமக்கல்லில் சோறு தின்றுகொண்டு கோழியைப் பழித்தால் வாய் வெந்துபோகும். அதற்குச் செய்வதில் ஒரு சொட்டும் குறைக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளாகிய எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் மனு. மனிதராக இருந்து பார்த்துவிட்டோம், கட்டுப்படியாகவில்லை.

எங்கள் கூட்டம் சின்னதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். ஏழு கோழியில் ஒன்றுக்கு ஒரே நோய் என்று நாளை காலை செய்தி வரட்டும். மத்தியானத்துக்குள் டில்லியிலிருந்து குழு வரும், கேரளா எல்லையில் லாரியை நிறுத்துவான், மாலையில் அமைச்சர் தட்டில் முட்டை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் சாப்பிட்டுக் காட்டுவார். நமக்கு வந்தால் வாழைப்பழம் சாப்பிடாதே என்பார்கள்.

மாத்திரையில் அடங்காத இடத்துக்குச் சர்க்கரை வந்துவிட்டால் ஊசிதான். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல், கனடாவின் டொரன்டோவில். 1923இல் அதன் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த இன்சுலின் சில மணி நேரம்தான் நிற்கும், ஆகவே ஒரு நாளில் பலமுறை குத்திக்கொள்ள வேண்டும். அதை நீட்டிக்க டென்மார்க்கில் ஹாகடோர்ன் என்ற மருத்துவர் மீன் விந்திலிருந்து எடுத்த புரதத்தைக் கலந்து பார்த்தார். அந்த வழியில் 1946இல் வந்ததுதான் என்.பி.எச். என்ற கலங்கல் இன்சுலின், இன்றைக்கும் அரசு மருத்துவமனையில் கைக்கு வருவது. 2000த்தில் கிளார்ஜின் வந்தது. புட்டிக்குள் அமிலத்தில் தெளிவாகக் கரைந்திருக்கும். தோலுக்கடியில் போனதும் அமிலம் தணிந்து மிக நுண்ணிய துகள்களாகப் படிந்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். ஏறி இறங்கும் மேடு அதிகம் இல்லை. எங்கள் பக்கத்தில் இதை '24 மணி நேர ஊசி' என்பார்கள். பின்னால் வந்த டெக்லுடெக் இன்னும் நீளம், 40 மணி நேரத்தைத் தாண்டும்.

மேடு இல்லாதது யாருக்கு வேண்டும்? நேரத்துக்குச் சாப்பிட முடியாதவனுக்கு வேண்டும். இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரசு கொடுக்கும் ஊசியில் பெரும்பங்கு, குறுநேர இன்சுலினையும் என்.பி.எச்.சையும் கலந்த 30/70 கலவை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாமல் விட்டால் ஊசி நம்மைச் சாப்பிடும்: வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். ரோட்டோரம் அப்படித் தள்ளாடுகிறவனைப் பார்த்து 'காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டான்' என்று சொல்லிவிட்டுப் போகும் நல்லவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

இந்தக் கலவை எந்த மனிதனை மனதில் வைத்துச் செய்யப்பட்டதோ அவனை நான் சேலம், நாமக்கல் சமவெளியில் தேடிக்கொண்டிருக்கிறேன். எட்டு மணிக்கு இட்லி, ஒரு மணிக்குச் சாதம், எட்டு மணிக்குச் சப்பாத்தி என்று அவன் வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர் இரவு ஷிப்டு முடிந்து வந்து படுக்கிறார். அவருக்குக் காலை எது? திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு கிளம்பிச் சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவருக்குத் தண்ணீர் வருகிறபோதுதான் சாப்பாடு. பாறை வந்தால் அதுவும் இல்லை. சங்ககிரி லாரிக்காரர் செக்போஸ்டில் காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் போட்ட ஊசி மேடேறிக்கொண்டிருக்கும். மருத்துவரிடம் இதைச் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: "டயத்துக்குச் சாப்பிடுங்க." ஆஹா. இத்தனை நாளாக யாரும் சொல்லாததால்தான் இந்த டிரைவர்கள் நேரம் தவறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய என்.பி.எச். மட்டமான சரக்கு இல்லை. இரவில் ஒரு வேளை அதைப் போட்டே பல பேர் நன்றாக இருக்கிறார்கள். சராசரிச் சர்க்கரையைக் குறைப்பதில் புதிய ஊசி அதைவிடப் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. புதியதன் பெருமை, நடுச்சாமத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்து அதில் குறைவு என்பதுதான். ஏசி அறையில் தூங்குகிறவருக்கு அது ஒரு வசதி. நடுச்சாமத்தில் தொப்பூர்க் கணவாயில் வண்டி இறக்குகிறவருக்கு அது உயிர். அவருடைய உயிர் மட்டும் என்றும் சொல்ல முடியாது. எதிரே பேருந்து வரும் சாலை அது. ஆனால் நடப்பில் வசதிக்காரருக்கு டெக்லுடெக், டிரைவருக்கு 30/70.

2021இல் உலகச் சுகாதார நிறுவனம் நீண்டநேர இன்சுலினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏற்றியது. 2022 செப்டம்பரில் இந்திய அரசின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் கிளார்ஜின் ஏறியது. கை தட்டினோம். பட்டியல் டில்லியில் இருக்கிறது, அத்தியாவசியம் ராசிபுரத்தில் இருக்கிறது. நடுவில் உள்ள தூரத்துக்கு இன்னும் பஸ் விடவில்லை. ஊருக்கு ஊர் மருந்துக்கடையில் கிளார்ஜின் பளபளக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் "அதெல்லாம் இங்க வராதுங்க, வெளியில வாங்கிக்குங்க" என்று ஒரு பதில். 'வெளி' என்பது எங்கள் நாட்டில் மிகப் பெரிய மருத்துவமனை.

வெளியில் வாங்கினால் இன்னொரு வேடிக்கை. இந்தியாவில் புட்டி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்சு ஒன்றுக்கு, ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு மற்றதற்கு. பேனா கெட்டுப்போய்க் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நர்சு, ஒரு பெஞ்சு, பத்து நிமிஷம் போதும். புறநோயாளிக் கூட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் அன்றைக்குக் குலதெய்வம் கண் திறந்தது என்று அர்த்தம். எந்தக் கோழிக்கும் தப்பான அளவில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் நிலைமை கிடையாது.

சூட்டுக்கு வருகிறேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்த கிளார்ஜின் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். சேலத்தில் 2024 கோடையில் வெயில் 40ஐத் தாண்டி எரிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டுக்குள் மே மாதம் 30 டிகிரி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம். நானும் அங்கேயே குடிபோகிறேன். 'ஃப்ரிட்ஜில் வையுங்க' என்று சீட்டில் அச்சடித்திருக்கிறது. 2006இல் இலவச டிவி வந்தது, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. நான்குக்குள்ளும் இன்சுலினை வைத்துப் பார்க்கலாம். கிரைண்டருக்குள் இடமும் நிறைய.

கென்யாவில் தாதாப் என்ற இடத்தில் பெரிய அகதி முகாம் இருக்கிறது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே கூடாரங்களில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். பகலில் 37, இரவில் 25 என்று ஏறி இறங்கியது. அதே ஏற்ற இறக்கத்தில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்து, வீரியம் போகவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். அதாவது ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைக் குளிர்ச்சியில் வைத்தும் காலம் தள்ளலாம், ஊசியைக் கைவிட வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய நிம்மதி அது! அந்த நிம்மதியைக் கொடுக்க நாடிழந்தவர்களின் கூடாரத்தில் ஒருவன் வெப்பமானி வைத்தான். எங்கள் சமவெளியிலும் வெப்பமானி வைத்திருக்கிறோம், கோழிக்கொட்டகையில். லாரி கேபினில் எத்தனை டிகிரி என்று யார் அளந்தார்கள்? 2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது, சந்தோஷம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளின் டிரைவர்கள் தங்கள் சர்க்கரையைப் புது மாடல் வரும்வரை கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லலாம்.

அரசும் மருந்துக்கடையும் விட்டுவைத்த மிச்சத்தை வைத்தியப் புலிகள் பார்த்துக்கொள்கிறார்கள். கொல்லிமலை பாவம், பேசத் தெரியாத மலை. அதன் பேரைப் போட்டு விற்கப்படும் சர்க்கரைக்கொல்லிப் பொடியெல்லாம் அங்கேயே விளைந்திருந்தால் மலை மொட்டையாகி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான், அப்புறம் இன்சுலின் செடி. ஒரு இலையைத் தின்றால் ஊசியைத் தூக்கிப்போடலாமாம். செல்போனில் ஒருவர் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து, "இங்கிலீஷ் மருந்து உங்க கிட்னியைத் தின்னுது கண்ணு" என்று உருகுகிறார். சரியாக மூன்றாவது நிமிஷத்தில் கூரியர் நம்பர் வருகிறது. கிட்னியைத் தின்பது கட்டுப்படாத சர்க்கரை. அதைச் சொன்னால் பொடி விற்காது. இன்னொரு பக்கம் வெல்ல மண்டியிலிருந்து ஒரு ஞானம்: வெல்லம் இயற்கை, ஆகவே சர்க்கரை ஏறாது. கணையத்துக்கு இயற்கை, செயற்கை பார்த்து ஜாதி பிரிக்கத் தெரியாது. ஜவ்வரிசிக் கஞ்சி லேசான சாப்பாடு என்று சுகர்காரருக்கு ஊற்றிக்கொடுக்கும் பாசத்தையும் இதே வரிசையில் வைக்கிறேன்; புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் சேலம் ஜவ்வரிசி சுத்தமான மாவுச்சத்து.

சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது குற்றம் என்று 1954ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. நோயின் பேரையே அட்டவணையில் எழுதி, முதல் தடவைக்கு ஆறு மாதம்வரை சிறை என்றும் வைத்திருக்கிறது. எழுபது வருஷமாக அந்தச் சட்டம் அட்டவணையில் சுகமாகத் தூங்குகிறது. டைப்-1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இந்த வெள்ளை வேட்டியின் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தினால் சில நாளில் உயிர் போய்விடும். பிள்ளை போன பிறகு அந்த வீடியோவின் கீழே யாரும் போய் எழுதுவதில்லை. 'நன்றி ஐயா' என்று எழுதியவை மட்டும் இருக்கும்.

வைத்தியப் புலியை மட்டும் திட்டினால் பாதி உண்மைதான். ஊசியைப் பேயாக்கியதில் படித்த மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. "மாத்திரையை ஒழுங்காப் போடலைன்னா ஊசிதான் போடணும், பார்த்துக்குங்க" என்று பள்ளிக்கூடத்துப் பிரம்பைப்போல ஊசியைக் காட்டி மிரட்டிப் பழக்கிவிட்டார்கள். பிறகு உண்மையிலேயே ஊசி எழுதும் நாளில் நோயாளி தண்டனை வாங்கிக்கொண்ட முகத்தோடு வீட்டுக்குப் போகிறார். வீட்டில் பெரியம்மா, "ஊசியா? அப்பக் கடைசியாப் போச்சா?" என்கிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் பேனா அரிசிப் பானைக்குள் ஒளிகிறது. டிரைவர் ஓனரிடம் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த லோடு வேறு ஆளுக்குப் போகும். கோழிக்கு ஊசி போட்டால் பண்ணைக்கு மதிப்பு. மனிதனுக்கு ஊசி போட்டால் குடும்பத்துக்கு அவமானம்.

கம்பெனிகளைப் பற்றியும் பேசாமல் போனால் அவர்கள் வருத்தப்படுவார்கள். உலக இன்சுலின் வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மூன்றே கம்பெனிகளின் கையில்: நோவோ நோர்டிஸ்க், எலி லில்லி, சனோஃபி. ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போன மருந்து இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் நோவோ நோர்டிஸ்க் இந்தியாவில் ஹ்யூமன் மிக்ஸ்டார்ட் என்ற கலவை இன்சுலினின் பேனாக் கார்ட்ரிட்ஜை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. ஏழை, நடுத்தர மக்கள் பேனாவுக்குப் பழகிய பிறகு. அதே ஆண்டு ஜூனில் அதே கம்பெனி உடம்பு இளைக்கும் ஊசியான வெகோவியை இங்கே இறக்கியது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நம்புவதற்கு நம் எல்லோருக்கும் பூரண உரிமை உண்டு. வாரம் ஒரு முறை போட்டால் போதும் என்ற இன்சுலினுக்கு 2024இல் ஐரோப்பா அனுமதி கொடுத்துவிட்டது. ரிக் வண்டிக்காரருக்கும் லாரிக்காரருக்கும் அளவெடுத்துத் தைத்த மருந்து அது. அவர்கள் கைக்கு எந்த வருஷம் வரும் என்று நான் ஜோசியம் பார்க்கவில்லை. தாத்தா காலத்து என்.பி.எச்.சே இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நல்ல திட்டம். வெயிலில் நடந்து வீடு வீடாக வரும் அந்தப் பெண்களைக் குறை சொல்கிறவன் நன்றி கெட்டவன். 2024இல் ஐக்கிய நாடுகள் சபை விருதும் வந்தது. வாசல்வரை வருவது மாத்திரை. ஊசி வேண்டியவர் மட்டும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, புட்டியைப் பாலிதீன் பையில் வாங்கிக்கொண்டு வெயிலில் திரும்ப வேண்டும். நோய் எவ்வளவு முற்றுகிறதோ அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று யார் வகுத்தார்கள்? அந்தப் பெண்களின் தோளில் கோழித் தடுப்பு மருந்துக்காரர் கொண்டுவரும் ஐஸ் பெட்டியைப் போல ஒன்றை மாட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பணம் இல்லை என்பார்கள். வாருங்கள், கணக்குப் பார்ப்போம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதில் டயாலிசிஸ் உண்டு. இதய அறுவை உண்டு. அழுகிய காலை வெட்டி எடுக்க உண்டு. கால் அழுகாமல் இருக்க நாள்தோறும் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிக்கு இல்லை. அது புறநோயாளிச் செலவாம், காப்பீட்டில் வராதாம். கிட்னி இருக்கும்வரை அது உங்கள் சொந்த விஷயம், போன பிறகுதான் அரசாங்கத்தின் கவலை. பாதத்தைப் பரிசோதிக்கத் தனித் திட்டம் ஒன்று வந்திருக்கிறது, வரவேற்கிறேன். பாதத்தைப் பார்த்துவிட்டு, "சர்க்கரையைக் கட்டுக்குள்ள வைங்க" என்று சொல்லி அனுப்பும்போது எதைக் கொண்டு வைப்பது என்பதையும் கையில் கொடுத்து அனுப்பினால் இன்னும் கொஞ்சம் வரவேற்பேன்.

2024 மார்ச்சில் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் ஒரு விலைக் கணக்கு வந்தது. டைப்-2 நோயாளி நாளுக்கு ஒரு முறை போடும் நீண்டநேர இன்சுலினை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பேனாவும் ஊசி முனையும் சேர்த்து, உற்பத்தியாளருக்கு லாபமும் வைத்துக் கொடுத்தால் ஆண்டுக்கு 72 டாலருக்கே கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ரூபாயில் சுமார் ஆறாயிரம். 1994இல் மருந்துச் சேவைக் கழகம் ஆரம்பித்து, மொத்தமாக வாங்கி விலையை அடித்து நொறுக்குவது எப்படி என்று இந்தியாவுக்கே சொல்லிக்கொடுத்த மாநிலம் இது. அதற்கு இந்தப் பேரம் தெரியாதது இல்லை.

5 லட்சத்தை ஆறாயிரத்தால் வகுத்துப் பாருங்கள். எண்பது வருஷத்துக்கு மேல் வருகிறது. ஒரு காலை வெட்டி, ஆறவைத்து, மறுபடி வெட்டி, டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரவைப்பதற்கு ஒரே ஆண்டில் ஒதுக்கத் தயாராக இருக்கும் வரம்பில், ஒரு மனிதன் பிறந்த நாளிலிருந்து சாகும்வரை போட்டுக்கொள்ளும் ஊசி அடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கு நிதித்துறைக்குத் தெரியாமல் இருக்காது. கிளார்ஜினைக் கொள்முதல் செய்து ஆரம்ப சுகாதார நிலையம்வரை அனுப்பச் சொல்லும் கோப்பு எந்த மேசையில், எந்த ஐயாவின் கையெழுத்துக்காகக் கிடக்கிறது என்று தெரிந்தால் நாங்களே வந்து கேட்போம். ஐயாவுக்கும் சுகர் இருந்தால், நேற்றிரவு அவர் போட்டுக்கொண்ட ஊசியின் பெயர், விலை, அதற்குப் பணம் கொடுத்தது யார் என்ற மூன்றையும் அந்தக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போடட்டும்.